மண்ணுக்கு வந்த தூரிகை

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் பிறந்த நாள் எவருக்கும் தெரியாது. அடிமைத் தாயின் மகவுக்கு நாள் குறித்து வைப்பார் யார்? 1864ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துப் பண்ணையொன்றில் அவர் பிறந்தார். கைக்குழந்தையாய் இருக்கையில் கொள்ளையர் தாயையும் சேயையும் கவர்ந்து சென்றனர். சேய் மீண்டது, ஈடாகக் குதிரையொன்று கொடுக்கப்பட்டது என்பர். தாய் திரும்பவே இல்லை.

அடிமை முறை ஒழிந்த பின்னும் அருகிலிருந்த பள்ளி கறுப்பினச் சிறுவரைச் சேர்க்கவில்லை. ஆதலால் நியோஷோ என்னும் ஊருக்குச் சென்றார். அங்கே துணி வெளுத்தும் பேறு பார்த்தும் வாழ்ந்த மரியா வாட்கின்ஸ் அம்மையார் தம் இல்லத்தில் இடமளித்தார்; விவிலியம் ஒன்றைத் தந்து, கற்றதையெல்லாம் தம் மக்களுக்கே திருப்பித் தர வேண்டுமெனப் பணித்தார். அச்சொல் கார்வரின் நெஞ்சில் வேரூன்றிற்று. பின்னர்க் கான்சாஸ் மாநிலத்துக் கல்லூரியொன்று இடமளிப்பதாக எழுதிவிட்டு, நேரில் நிறத்தைக் கண்டதும் அவரைத் திருப்பி அனுப்பிற்று.

அவருக்கு ஓவியத்தில்தான் தணியாத வேட்கை. 1890இல் அயோவாவிலுள்ள சிம்சன் கல்லூரியில், துணி வெளுத்துப் பிழைத்துக்கொண்டே ஓவியம் பயின்றார். 1893ஆம் ஆண்டுச் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய ஓவியமொன்று பாராட்டும் பெற்றது. ஆனால் அதற்கு முன்பே, 1891இல், அவர் வேளாண்மைக் கல்லூரிக்கு மாறிவிட்டார். தம் மக்களுக்கு உழவறிவே உதவும் என்று துணிந்தார். தமக்கு இனிய வரத்தைப் பின்னே வைத்துப் பிறர்க்குத் தேவையான வரத்தை முன்னே வைத்த இச்செயலையே அவர் வாழ்வின் பெருஞ்செயலாக நான் கருதுகிறேன்.

1896இல் புக்கர் டி. வாஷிங்டனின் அழைப்பை ஏற்று அலபாமாவின் டஸ்கீகி கல்வி நிலையத்திற்குச் சென்றார். பருத்தி ஒன்றையே விளைவித்து மண் வளமிழந்திருந்தது. குத்தகை உழவரோ உரம் வாங்க வகையற்றோர். தட்டைப்பயறும் நிலக்கடலையும் விதைக்குமாறு அவர்களுக்குக் கற்பித்தார். இப்பயிர்களின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருவன. அதற்குக் காசு வேண்டியதில்லை! 1906 முதல் வேளாண் கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டி சிற்றூர்தோறும் சென்றது. 1916இல் நிலக்கடலையை உணவாக்கும் 105 வழிகளைச் சிறுநூலாக வெளியிட்டார். கடலை வெண்ணெயைக் கண்டவரும் இவரே எனச் சிலர் எழுதுவது பிழை. இல்லாத பெருமை அவருக்கு வேண்டியதுமில்லை.

விடியுமுன் எழுந்து காட்டில் உலவுவார். செடிகளின் மறைபொருளைத் தமக்குக் காட்டுபவர் படைத்தவரே என நம்பினார். இலவசமாகப் பெற்றதை விற்க மனம் கூசினார். மூன்றே காப்புரிமைகள் அவர் பெயரில் உள்ளன. ஞாயிறுதோறும் மாணவர்க்கு விவிலிய வகுப்பு நடத்தினார். ஊதிய உயர்வை நாடாது, ஒட்டுப்போட்ட சட்டையுடன் வாழ்ந்து சேர்த்த ஏறத்தாழ 60,000 டாலரையும், டஸ்கீகியில் இளம் ஆய்வாளர்க்கென நிறுவிய அறக்கட்டளைக்கே அளித்தார். 1943ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள் மறைந்தார். தம்மை அங்கு அழைத்த வாஷிங்டனின் கல்லறை அருகிலேயே அவரையும் அடக்கம் செய்தனர்.