எல்லோருக்கும் உடன்பிறந்தார்: அசிசி நகரின் புனித பிரான்சிஸ்

இத்தாலி நாட்டின் நடுவே, உம்பிரியா பகுதியின் மலைச்சரிவில் அமைந்த சிறு நகரம் அசிசி. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகரம் பகைமையால் பிளவுண்டு கிடந்தது. நகருக்குள் பிரபுக்களும் பொதுமக்களும் மோதினர். அண்டை நகரான பெருஜியாவோடும் தீராத பூசல். இத்தகைய சூழலில், 1181 அல்லது 1182-ஆம் ஆண்டில், பியத்ரோ பெர்னார்தோனே என்னும் செல்வமிக்க துணி வணிகரின் மகனாகப் பிறந்தார் பிரான்சிஸ்.

ஆடல், பாடல், நண்பர்களுக்கு விருந்து என்று அவரது இளமை கழிந்தது. வீரராகப் புகழ்பெற வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருந்தது. 1202-இல் பெருஜியாவுடன் நடந்த போரில் அவர் சிறைப்பட்டார். சுமார் ஓராண்டுச் சிறைவாசமும் அதைத் தொடர்ந்த நோயும் அவரைச் சிந்திக்க வைத்தன. 1205-இல் மீண்டும் போருக்குப் புறப்பட்டவர், ஸ்போலேத்தோ நகரிலிருந்தே திரும்பிவிட்டார். புறத்தே வெற்றி தேடிய மனம் அகத்தே திரும்பியது.

தொழுநோயாளிகளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது அவரது வழக்கம். ஒரு நாள் வழியில் எதிர்ப்பட்ட தொழுநோயாளி ஒருவரைக் கண்டதும், அருவருப்பை அடக்கிக்கொண்டு குதிரையிலிருந்து இறங்கினார். பொருள் கொடுத்து, அவரது கையை முத்தமிட்டார். பிறகு அந்நோயாளிகளிடையே சென்று தொண்டும் செய்தார். தமது வாழ்வின் திருப்பம் அவர்களிடையேதான் நேர்ந்தது என்பதைத் தமது இறுதிச் சாசனத்தில் அவரே பதிவு செய்திருக்கிறார்.

பாழடைந்த சான் தமியானோ ஆலயத்தைச் செப்பனிடுவதற்காகத் தந்தையின் துணிகளை விற்ற செயல், பெரும் பிணக்காக வளர்ந்தது. 1206-இல் தந்தை அவரை ஆயர் முன் நிறுத்தினார். பிரான்சிஸ் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததுடன், உடுத்திய ஆடைகளையும் களைந்து தந்தையிடமே ஒப்படைத்தார். இனி இறைவனே தமக்குத் தந்தை என்று உறுதி பூண்டார்.

இந்தத் துறவின் உட்பொருள் ஆழமானது. சொத்து இருந்தால் அதைக் காக்க ஆயுதம் வேண்டும்; ஆயுதம் வந்தால் பகையும் வரும் என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார். எனவே அவரும் சீடர்களும் எதையும் உடைமையாகக் கொள்ளவில்லை. உழைத்தும் இரந்தும் உண்டனர். சந்திப்போருக்கெல்லாம் சமாதானம் வாழ்த்தினர். 1209-இல் போப் மூன்றாம் இன்னொசென்ட் இவ்வாழ்க்கை நெறிக்கு இசைவளித்தார்.

எதையும் எனது என்று கொள்ளாதவருக்கு எல்லாமே உறவாயின. வழியில் நெளியும் புழுவை எடுத்து ஓரமாக விடுவார். குளிர்காலத்தில் தேனீக்கள் மடிந்துவிடாதபடி அவற்றுக்குத் தேன் வைக்கச் செய்வார். மரம் வெட்டும் சகோதரர்களிடம், அது மீண்டும் துளிர்ப்பதற்கு இடம்விட்டு வெட்டுமாறு கூறுவார். அவர் பறவைகளுக்கு உபதேசித்த நிகழ்ச்சியை, அவரது முதல் வரலாற்றை எழுதிய செலானோ தாமஸ் விவரிக்கிறார். படைத்தவனின் அன்பு படைப்பு அனைத்திலும் விளங்குவதை அவர் கண்டார்.

அந்த உறவு மதத்தின் எல்லையிலும் நின்றுவிடவில்லை. 1219-இல், ஐந்தாம் சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்த எகிப்தின் தமியெத்தாவுக்கு அவர் சென்றார். ஆயுதமின்றி எதிரணிக்குள் நுழைந்து, சுல்தான் அல்-காமிலைச் சந்தித்துக் கிறிஸ்துவைப் பற்றிப் பேசினார். சுல்தான் மதம் மாறவில்லை, போரும் நிற்கவில்லை. ஆயினும் சுல்தான் அவரை மரியாதையுடன் ஏற்று, பத்திரமாகத் திருப்பி அனுப்பினார். பின்னர் 1221-இல் வகுத்த விதிமுறையில், முஸ்லிம்களிடையே வாழும் சகோதரர்கள் வாதப்போரில் இறங்காமல் எல்லோருக்கும் பணிந்து வாழும் வழியைப் பிரான்சிஸ் காட்டினார்.

இறுதிக் காலத்தில் கண்நோய் அவரை வாட்டியது. ஒளியைக் கண்கள் தாங்காத அந்நிலையில், 1225-இல், சான் தமியானோவில் தங்கியிருந்தபோது மக்கள் பேசிய மொழியிலேயே ஒரு துதிப்பாடலை இயற்றினார். சூரியன், சந்திரன், காற்று, நீர், நெருப்பு ஆகியவற்றை உடன்பிறப்புகளாகவும், பூமியைச் சகோதரியாகவும் அன்னையாகவும் அதில் போற்றினார். காண இயலாத சூரியனுக்கே முதலிடம் தந்தார்!

அச்சமயம் அசிசியின் ஆயருக்கும் நகரத் தலைவருக்கும் கடும் பகை மூண்டது. ஆயர் தலைவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். ஆயரோடு யாரும் கொடுக்கல் வாங்கல் செய்யக் கூடாது என்று தலைவர் தடை விதித்தார். இருவரையும் சமாதானப்படுத்த எவரும் முன்வராதது பிரான்சிஸுக்கு மிகுந்த வேதனை தந்தது. நோய்ப்படுக்கையில் இருந்தபடியே, மன்னிப்பவர்களைப் போற்றும் பகுதி ஒன்றைத் தமது பாடலில் சேர்த்தார். ஆயரின் இல்லத்தில் இருவரையும் கூடச் செய்து, அவர்கள் முன்னிலையில் சகோதரர்களைப் பாடச் சொன்னார். பாடலைக் கேட்ட தலைவர் கண்ணீருடன் மன்னித்தார், ஆயர் தமது கோபத்திற்காக வருந்தினார், இருவரும் தழுவிக்கொண்டனர். சூரியனையும் நீரையும் உறவாகக் கண்ட பாடல், பகைத்து நின்ற இரு மனிதர்களையும் உறவாக்கியது.

1226 அக்டோபர் 3-ஆம் நாள் மாலை, மரணத்தையும் சகோதரி என்று வரவேற்றபடி, வெறுந்தரையில் கிடத்தப்பட்ட நிலையில் அவர் இறைவனடி சேர்ந்தார். 1228-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. 1979-இல் போப் இரண்டாம் ஜான் பால் அவரைச் சுற்றுச்சூழல் பேணுவோரின் பாதுகாவலராக அறிவித்தார்.

மரத்திடமும் புழுவிடமும் அன்பு காட்டுவது எளிது என்று நமக்குத் தோன்றலாம். நம்மைப் பகைப்பவரிடம் அன்பு காட்டுவதே அரிது. பிரான்சிஸின் வாழ்வில் இவ்விரண்டும் ஒரே அன்பின் இரு கிளைகளாக இருந்தன. அந்த அன்பின் வேர், எதையும் எனது என்று பற்றாத உள்ளம். அவ்வுள்ளம் நமக்கும் வாய்க்க இறைவன் அருள்புரிவாராக!