காற்றுக்கு அளவு கண்ட ஆல்பிரட் பியூகி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

அறிவியல் உலகில் புதிய பொருள்களைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றவர் பலர். வீணாகப் போவதைக் கண்டு மனம் பொறுக்காமல், அதற்கொரு வேலை கொடுத்துப் புகழ் பெற்றவர் சிலர். அந்தச் சிலருள் ஒருவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியல் அறிஞர் ஆல்பிரட் பியூகி. எங்கள் மாரண்டஹள்ளியிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு மேடேறும் வண்டிகளில் 'டர்போ' என்ற சொல்லைக் காணாதவர் இல்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்பவர் இவரே. எஞ்சின் நூல்கள் போற்றும் இப்பெரியாரின் வாழ்க்கையை, நம் கல்லூரித் தோழர்கள் அறியும்பொருட்டு இங்கே சுருக்கமாக எழுதுகிறேன்.

பிறப்பும் கல்வியும்

பியூகி 1879ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் வின்டர்தூர் நகரில் பிறந்தார். அவ்வூர் இயந்திரத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள சுல்சர் தொழிற்சாலையில் அவர் தந்தை உயர்ந்த பொறுப்பில் இருந்தார். ஆகவே இரும்பின் ஓசையைக் கேட்டே வளர்ந்த பிள்ளை என்று அவரைச் சொல்லலாம். சூரிச் நகரிலுள்ள உயர் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று 1903இல் பட்டம் பெற்றார். பின்னர் பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் பணியாற்றி அனுபவம் சேர்த்தார்.

புகையில் கண்ட புதையல்

எஞ்சினில் எரியும் எண்ணெயின் வெப்பம் முழுவதும் வேலையாக மாறுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியேறிவிடுகிறது. இதைத்தான் இளைஞர் பியூகியால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வெளியேறும் புகையைக் கொண்டு ஒரு டர்பைனைச் சுழற்றலாம். டர்பைன் ஒரு கம்ப்ரசரைச் சுழற்றும். கம்ப்ரசர் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தும். காற்று மிகுந்தால் எண்ணெயும் மிகுதியாக எரிந்து, அதே எஞ்சின் கூடுதல் வலிமை தரும். இதுவே அவர் எண்ணம். கம்ப்ரசர், எஞ்சின், டர்பைன் ஆகிய மூன்றையும் ஒரே தண்டில் கோத்து வரைந்த அமைப்புக்கு 1905ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் காப்புரிமை பெற்றார். அப்போது அவருக்கு வயது 26.

இருபதாண்டுப் பொறுமை

எண்ணம் பிறந்த வேகத்தில் வெற்றி பிறக்கவில்லை. அக்காலத்துக் கம்ப்ரசர்களின் திறன் குறைவு. புகையின் கடும் வெப்பத்தைத் தாங்கும் உலோகங்களும் அப்போது இல்லை. சுல்சர் நிறுவனத்துக்குத் திரும்பிய பியூகி, 1911 முதல் சோதனைகள் நடத்தினார். 1915இல் ஒரு முன்மாதிரி எஞ்சினும் ஓடியது. ஆனால் வேண்டிய காற்றழுத்தத்தை அதனால் நிலையாகத் தர முடியவில்லை. பிரவுன் பொவேரி என்ற பெரிய நிறுவனத்தை அவர் நாடியும், அவர்களுக்கு உடனே நம்பிக்கை பிறக்கவில்லை. அந்நிறுவனத்தின் முதல் டர்போ 1924இல்தான் வெளிவந்தது. காப்புரிமை பெற்ற நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ இருபது ஆண்டுகள்! இன்றைக்கு விதைத்து நாளைக்கே அறுக்க நினைக்கும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

குறுகிய குழாயின் வெற்றி

1925இல் அவர் பெற்ற மற்றொரு காப்புரிமையே அவர் புகழுக்கு மணிமகுடமாக அமைந்தது. எல்லா சிலிண்டர்களின் புகையையும் ஒரே பெரிய குழாயில் சேர்த்தால், ஒவ்வொரு சிலிண்டரும் தரும் துடிப்பின் வேகம் அங்கே பரவி அழிந்துவிடுகிறது. பியூகி சிலிண்டர்களைப் பிரித்து, குறுகிய தனித்தனிக் குழாய்கள் வழியாகப் புகையை டர்பைனுக்கு அனுப்பினார். துடிப்பின் வேகம் குறையாமல் போய்ச் சேர்ந்தது. மேலும் இரு வால்வுகளும் சிறிது நேரம் சேர்ந்து திறந்திருக்கச் செய்து, புதுக்காற்று சிலிண்டரைக் கழுவிக் குளிர்விக்கவும் வழி கண்டார். பெரிய குழாயால் முடியாததைச் சிறிய குழாய் முடித்தது.

அதே காலத்தில் பிரஷன், ஹன்சஸ்டாட் டான்சிக் என்னும் இரு ஜெர்மானியக் கப்பல்களில் அவர் முறை பொருத்தப்பட்டது. 1,750 குதிரைத்திறன் தந்த எஞ்சின் 2,500 குதிரைத்திறன் தந்தது. 1938இல் சுவிட்சர்லாந்தின் சாரர் நிறுவனம் டர்போவை லாரி எஞ்சினுக்கும் கொண்டு வந்தது. தம் கனவு கடலிலும் தரையிலும் ஓடுவதைக் கண்ட பிறகே, 1959ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் பியூகி பிறந்த ஊரிலேயே மறைந்தார்.

டர்போவோடு வந்த சூடு

காற்றை அமுக்கினால் அது சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருப்பார். சூடேறிய காற்று விரிந்து அடர்த்தி குறையும். ஆக, டர்போ ஒரு கையால் கொடுப்பதில் ஒரு பகுதியை மறு கையால் எடுத்துக்கொள்கிறது. இதைச் சரிசெய்ய, டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையே அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் கருவியே இன்டர்கூலர். நம் நாட்டில் 1964 முதல் வாரணாசியில் கட்டப்பட்ட டபிள்யூ.டி.எம்.-2 ரயில் எஞ்சின்களில், 2,600 குதிரைத்திறனுக்குத் துணை நின்றது டர்போவும், அமுக்கிய காற்றைத் தண்ணீரால் குளிர்விக்கும் இத்தகைய கருவியுமே. 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற அமெரிக்கக் காரில் இன்டர்கூலர் இல்லை. தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளித்தே எஞ்சினைக் காத்தார்கள். உரியவர்கள் அந்தத் திரவத்தை நிரப்ப மறந்தபோது காரின் வேகமும் குறைந்தது.

அளவு காணும் கணக்கு

இன்டர்கூலர் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? நம் இயற்பியல் பாடமே இதற்கு விடை சொல்லும். வெளிக்காற்று 27 டிகிரி, அதாவது 300 கெல்வின் என்று கொள்வோம். கம்ப்ரசரின் திறன் 70 விழுக்காடு என்றால், அழுத்தத்தை இருமடங்காக்கும்போது காற்று ஏறத்தாழ 121 டிகிரிக்கு, அதாவது 394 கெல்வினுக்குச் சூடேறும். அதை 50 டிகிரிக்குக் குளிர்வித்தால் அடர்த்தி 22 விழுக்காடு உயரும். இன்டர்கூலர் மிகச் சிறியதாக இருந்து 90 டிகிரி வரைதான் குளிர்வித்தால், உயர்வு 8 அல்லது 9 விழுக்காட்டோடு நின்றுவிடும். சிறிய கருவியின் நெருக்கமான துளைகளில் அழுத்தமும் குறையும். அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு போனால், 22 விழுக்காட்டு ஆதாயம் 10 விழுக்காடாகச் சுருங்கிவிடும்.

அப்படியானால் மிகப் பெரியதே நல்லதா? 50 டிகிரிக்குப் பதில் 40 டிகிரிக்குக் குளிர்வித்தால் கூடுதலாகக் கிடைப்பது 3 விழுக்காடுதான். அதற்கு நாம் கொடுக்கும் விலையோ பெரிது. பெரிய கருவியையும் நீண்ட குழாய்களையும் நிரப்பிய பிறகே அழுத்தம் எஞ்சினை அடையும். ஆக்சிலேட்டரை மிதித்தவர் காத்திருக்க வேண்டும். முன்னால் நிற்கும் கருவி ரேடியேட்டருக்குப் போகும் காற்றையும் மறைக்கும். ஆகவே முதலில் எஞ்சின் இழுக்கும் காற்றைக் கணக்கிட வேண்டும். 2.5 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஏறத்தாழ 3,750 லிட்டர் அமுக்கிய காற்றை இழுக்கும். அந்த ஓட்டத்தில் அழுத்தம் அதிகம் விழாமல், நான்கில் மூன்று பங்கு சூட்டைக் களையும் கருவியே தக்க அளவு.

இரண்டாம் உலகப் போரில் லாக்ஹீட் பி-38 விமானம் இதற்கு நல்ல சான்றாயிற்று. இறக்கையின் முன்விளிம்பில் இருந்த அதன் பழைய இன்டர்கூலர், எஞ்சின் வலிமை கூடியபோது போதாமற் போயிற்று. 1943இல் பெரிய கருவியை எஞ்சினுக்குக் கீழே வைத்தார்கள். ஐரோப்பியக் குளிர்காலத்தில் வெகு உயரத்தில் பறந்தபோது அதுவே காற்றை அளவு மீறிக் குளிர்வித்துத் தொல்லை கொடுத்தது.

இந்தக் கணக்கு எனக்கு வெறும் பாடமாக நின்றுவிடவில்லை. என் பெரியப்பா மகன் பழைய டர்போ டீசல் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறார். மேட்டில் இழுவை குறைகிறது என்பதால், இருப்பதைப் போல் இரண்டு மடங்கு பெரிய இன்டர்கூலர் போடும்படி ஒருவர் யோசனை சொன்னார். அதன் விலையோ அண்ணனின் இரண்டு மாத வருமானம். வீட்டில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான்தான் என்பதால் என்னைக் கேட்டார்கள். மேலே எழுதிய கணக்கைத் தமிழில் போட்டுக் காட்டினேன். பிறகு அண்ணனும் நானும் பழைய கருவியைக் கழற்றி, இதழ்களில் அடைத்திருந்த சேற்றைக் கழுவினோம்; காற்று கசிந்த ரப்பர் குழாயையும் மாற்றினோம். வண்டி மீண்டும் மேடேறியது. பணம் வீட்டில் நின்றது.

நண்பர்களே! பியூகிக்குத் தொழிற்சாலையில் தந்தை இருந்தார். நம்மில் பலருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆனால் வீணாவதைக் கண்டு வருந்தும் கண்ணும், தோற்ற சோதனையை மீண்டும் செய்யும் பொறுமையும், எதற்கும் தக்க அளவு உண்டு என்று கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கமும் யாருடைய பரம்பரைச் சொத்தும் அல்ல. வகுப்பில் கற்கும் சமன்பாடுகளை வீட்டுக்கும் கொண்டுபோவோம். நம்மைப் படிக்க வைப்பவர்களுக்கு அவை பயன்படட்டும்.