விதியும் விலக்கும்

மின்சார வாகனம் தீப்பற்றிய செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மைக்கேல் ஃபாரடேயின் நினைவு வருகிறது. இன்றைய லித்தியம் மின்கலத்துக்குள் இருப்பது எளிதில் எரியும் திரவ மின்பகுளி. அதற்கு மாற்றாக உலகம் தேடும் திண்ம மின்பகுளியின் வரலாறு அவரிடமிருந்தே தொடங்குகிறது.

1791-இல் லண்டனை அடுத்த நியூவிங்டனில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர் ஃபாரடே. பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தவர், கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவியல் கற்றார். 1812-இல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு எடுத்த குறிப்புகளை நூலாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். அடுத்த ஆண்டு ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் பணி கிடைத்தது.

1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்து புகழ்பெற்றார். 1833-இல், பனிக்கட்டி மின்சாரத்தைத் தடுப்பதையும் அது உருகியதும் கடத்துவதையும் கண்டார். பல உப்புகளும் அவ்வாறே இருந்தன. இதனைப் பொதுவிதியாக அறிவித்த அதே கட்டுரைத் தொகுதியில், அதற்கு அடங்காத ஒரு பொருளையும் அவர் பதிவு செய்தார். வெள்ளி சல்ஃபைடு உருகாமலேயே, சூடேறிய அளவில் நன்கு கடத்தியது. 1838-இல், ஈய ஃபுளோரைடும் செஞ்சூட்டில் திண்மமாகவே கடத்துவதை வெளியிட்டார். படிகத்திலுள்ள காலியிடங்கள் வழியே அயனிகள் தாவுகின்றன என்ற விளக்கம் 20-ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தது.

சர் பட்டத்தையும் ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் ஏற்க மறுத்த ஃபாரடே, 1867-இல் மறைந்தார்.

2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், அறை வெப்பநிலையிலேயே திரவத்துக்கு இணையாக லித்தியம் அயனிகளைக் கடத்தும் ஒரு சல்ஃபைடை உருவாக்கினர். ஆயினும் சல்ஃபைடுகள் காற்றின் ஈரம் பட்டால் நச்சு வாயுவை வெளியிடுகின்றன. ஆக்சைடுகளோ எளிதில் நொறுங்குபவை; அவற்றின் துகள் எல்லைகளில் லித்தியம் இழையாக ஊடுருவி மின்கலத்தைப் பழுதாக்குகிறது. ஒரே பொருளின் தூளை வில்லையாக அழுத்தும் முறை மாறினாலே கடத்துதிறனின் அளவீடும் மாறுகிறது.

இத்தகைய துறையில், சிறந்த வில்லையின் அளவை மட்டும் வெளியிட்டு, விரிசல் விட்டவற்றை மறைப்பது மற்றவர்களின் பல ஆண்டு உழைப்பை வீணாக்கும். தோல்விகளையும் ஆய்விதழ்கள் அச்சிட வேண்டும். நிதி வழங்குவோர் அவற்றையும் ஆய்வின் பயனாக மதிக்க வேண்டும் என்பதே என் கருத்து. தம் விதிக்கு முரணான வெள்ளி சல்ஃபைடை ஃபாரடே மறைத்திருந்தால், இத்துறையின் முதல் ஏடே எழுதப்பட்டிராது.