வால்ட் விட்மன்

வால்ட் விட்மன் (மே 31, 1819 – மார்ச் 26, 1892) ஓர் அமெரிக்கக் கவிஞரும் கட்டுரையாளரும் ஆவார். ஆங்கிலத்தில் யாப்புக்குக் கட்டுப்படாத கவிதைக்கு வழிவகுத்தவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். தமிழில் சுப்பிரமணிய பாரதியார் இவரைப் பற்றி எழுதியுள்ளார். 53ஆம் அகவையில் பக்கவாதத்திற்கு உள்ளான விட்மன், அதன் பின்னர் 19 ஆண்டுகள் வாழ்ந்தார். அவ்வாண்டுகளில் இவருக்கு ஏற்பட்ட மனச்சோர்வையும், அதிலிருந்து மீண்ட விதத்தையும் இவருடைய கடிதங்களும் நாட்குறிப்புகளும் காட்டுகின்றன.

இளமையும் பணியும்

விட்மன் நியூ யோர்க் மாநிலத்தின் லாங் தீவில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். சிறு அகவையிலேயே பள்ளிப் படிப்பு நின்றது. அச்சுக்கோப்பாளர், ஆசிரியர், இதழாளர் எனப் பல பணிகள் செய்தார். 1855 இல் 'புல்லின் இதழ்கள்' என்னும் கவிதை நூலைத் தம் சொந்தச் செலவில் வெளியிட்டார். உடலின் நலத்தையும் வலிமையையும் போற்றிய நூல் இது. உள்நாட்டுப் போரின்போது வாசிங்டன் மருத்துவமனைகளில் காயமுற்ற வீரர்களுக்குத் தொண்டாற்றினார். பின்னர் அந்நகரிலேயே அரசு எழுத்தராகப் பணிபுரிந்தார்.

பக்கவாதமும் மனச்சோர்வும்

1873, சனவரி 23 அன்று இரவு அலுவலகத்தில் நெடுநேரம் படித்துவிட்டு வீடு திரும்பிய விட்மன், விடியுமுன் கண்விழித்தபோது இடக்கையையும் இடக்காலையும் அசைக்க இயலாதவராக இருந்தார். வலக்கை பாதிக்கப்படாததால் எழுத முடிந்தது. எனினும் மாதக்கணக்கில் நடமாட்டம் குன்றியது.

அடுத்த மாதத்தில் இவருடைய அன்புக்குரிய தம்பி மனைவி இறந்தார். மே 23 அன்று தாயார் லூயிசா காலமானார். மணம் செய்துகொள்ளாத விட்மனுக்குத் தாயாரே மிக நெருங்கிய உறவாக இருந்தார். தாயார் இறந்த நியூ செர்சி மாநிலத்துக் கேம்டன் நகரில், தம்பி சார்ச்சின் வீட்டிலேயே இவர் தங்க நேர்ந்தது. பழகிய நண்பர்கள் வாசிங்டனில் இருந்தனர்; கேம்டனில் தெரிந்தவர் மிகச் சிலரே. 1874 இல் அரசுப் பணியும் பறிபோனது. அக்காலக் கடிதங்களில் தனிமையும் நம்பிக்கையின்மையும் மிகுந்து காணப்படுகின்றன. அவ்வாண்டு வெளியான 'கொலம்பசின் வேண்டுதல்' என்னும் கவிதை, நோயுற்றுத் தளர்ந்த முதிய மாலுமியைக் காட்டுகிறது. அது கவிஞரின் சொந்த நிலையைச் சொல்வது என்பது திறனாய்வாளர் பலரின் கருத்தாகும்.

டிம்பர் ஓடை

1876 முதல், கேம்டனுக்கு அருகில் டிம்பர் ஓடைக் கரையில் இருந்த ஒரு வேளாண் குடும்பத்தாரின் வீட்டில் அடிக்கடி தங்கலானார். ஊன்றுகோலுடன் ஓடைக்கரைக்குச் சென்று, வெயிலில் அமர்ந்து, நீரில் குளித்தார். இளமரங்களைப் பற்றி வளைத்துத் தம் கைகால்களுக்குப் பயிற்சி அளித்தார். கண்ட பறவைகளையும் மரங்களையும் பற்றிக் குறிப்புகள் எழுதினார். இக்குறிப்புகள் 1882 இல் வெளியான அவருடைய உரைநடை நூலில் இடம்பெற்றன. 1879 இல் கொலராடோ மலைப்பகுதி வரையிலும், 1880 இல் கனடாவுக்கும் பயணம் செய்யுமளவுக்குத் தேறினார்.

இறுதி ஆண்டுகள்

1884 இல் கேம்டனில் சொந்தமாக ஒரு சிறு வீடு வாங்கினார். அடுத்த ஆண்டு, நடக்கச் சிரமப்பட்ட இவருக்கு நண்பர்கள் பணம் திரட்டிக் குதிரைவண்டி ஒன்றைப் பரிசளித்தனர். 1888 சூனில் மீண்டும் பக்கவாதம் தாக்கியது. பின்னர் சக்கர நாற்காலியின் துணையுடன் வெளியே சென்று வந்தார். ஆயினும் நண்பர்களின் உதவியுடன் 'புல்லின் இதழ்கள்' நூலின் இறுதிப் பதிப்பை முடித்து, 1892 இல் தம் 72ஆம் அகவையில் காலமானார்.

இன்றைய பார்வையில்

பக்கவாதத்திற்கு உள்ளாவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு ஏற்படுவதாக இன்றைய மருத்துவம் கூறுகிறது. மூளையில் ஏற்படும் பாதிப்பு, வேலை, நடமாட்டம், உறவுகள் ஆகியவற்றின் இழப்பு என இதற்குக் காரணங்கள் பல. இன்று இதற்கு மருந்தும் உளவளத்துணையும் உள்ளன; விட்மன் காலத்தில் அவை இல்லை. அவருடைய உடல் முழுமையாகக் குணமடையவில்லை. எனினும் உடற்பயிற்சி, திறந்தவெளி, நண்பர்களின் துணை, தொடர்ந்த எழுத்துப்பணி ஆகியவற்றால் அவருடைய வாழ்க்கைத் தரம் மேம்பட்டது குறிப்பிடத்தக்கது.