மீன் தொட்டிக்கு வழிகாட்டிய காஸ்

வீட்டுத் தொட்டியில் கடல் பிராணிகளை வளர்க்க நூல் எழுதிப் புகழ் பெற்றவர், பிலிப் ஹென்றி காஸ்.

1810-ல் இங்கிலாந்தில் ஒரு ஏழை ஓவியரின் மகனாகப் பிறந்தார். 17 வயதில் நியூபவுண்ட்லாந்து சென்று கணக்கர் வேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் பூச்சிகளை ஆராய்ந்தார்.

தொட்டியில் விட்ட கடல் பிராணிகள் விரைவில் மடிந்தன. கடற்பாசியும் உடன் இருந்தால், அது வெளியிடும் பிராணவாயுவால் அவை பிழைக்கும் என்பதைக் காஸ் சோதித்துக் கண்டார். 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் திறந்த மீன் காட்சிக்குப் பிராணிகளைச் சேகரித்துக் கொடுத்தார்.

1854-ல் ‘அக்வேரியம்’ என்ற நூலும், மறு ஆண்டு ஒரு கையேடும் வெளியிட்டார். தொட்டி அமைப்பது, பிராணிகளைச் சேகரிப்பது, பராமரிப்பது எல்லாம் அதில் இருந்தன.

நூல் படித்தவர்கள் கூடையோடு கடற்கரைக்கு விரைந்தனர். சில ஆண்டுகளில் பாறைக் குட்டைகள் வெறுமையாயின. தம் எழுத்தே இதற்குக் காரணமாயிற்றே என்று காஸ் மனம் வருந்தினார்.

1888-ல் காலமானார்.