முயல் தந்த ஆறுதல்

நீலச் சட்டை அணிந்த பீட்டர் முயலின் கதையை உங்களுள் பலர் படித்திருப்பீர்கள். அதை எழுதி, படங்களையும் தாமே வரைந்த பீட்ரிக்ஸ் பாட்டர் அம்மையாரின் வாழ்வைச் சற்று அறிவோமா?

அவர் 1866ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28ஆம் நாள் இலண்டன் மாநகரில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தார். பொருளுக்குக் குறைவில்லை, தோழமைக்குத்தான் குறைவு. பெற்றோர் அவரைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. வீட்டின் மாடி அறையில் ஆசிரியைகள் வந்து பாடம் கற்பித்தனர். ஆறு வயது இளையவனான தம்பி பெர்ட்ரமும் பின்னர் விடுதிப் பள்ளிக்குச் சென்றுவிட்டான்.

அத்தனிமையில் சிறுமிக்குத் துணையாய் அமைந்தவை சிற்றுயிர்களே. முயல், சுண்டெலி, முள்ளெலி, பல்லி, தவளை, வௌவால் என அந்த அறையே ஒரு சிறு வனமாயிற்று. அவை அவரைக் குறை கூறவில்லை, அதிகாரமும் செய்யவில்லை. அவற்றின் ஒவ்வோர் அசைவையும் அன்புடன் உற்றுநோக்கி, உள்ளது உள்ளபடியே வரைந்து பழகினார்.

ஆண்டுகள் சென்றன. 1893இல், முன்னர் தமக்குக் கற்பித்த ஆசிரியை ஒருவரின் ஐந்து வயது மகன் நோயல் உடல்நலமின்றிப் படுத்திருந்தான். அவனுக்காகத் தம் வளர்ப்பு முயலான பீட்டரின் பெயரில் ஒரு கதை புனைந்து, படங்களுடன் கடிதமாக அனுப்பினார். தம் தனிமையைப் போக்கிய முயலை இன்னொரு குழந்தையின் படுக்கையருகே அனுப்பி வைத்தார் எனலாம்!

அதை நூலாக்க விரும்பியபோது பதிப்பாளர் பலர் மறுத்தனர். அவர் மனந்தளராமல், 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 படிகள் அச்சிட்டார். மறு ஆண்டே பதிப்பகம் ஒன்று வண்ணப் படங்களுடன் வெளியிட, நூல் உலகெங்கும் பரவியது.

நூல் வருவாயும் துணைநிற்க, 1905இல் வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஹில் டாப் பண்ணையை வாங்கினார். அம்மலைப் பகுதிக்கே உரிய ஹெர்ட்விக் செம்மறியாடுகளைப் பேணி வளர்த்தார். 1943 டிசம்பர் 22இல் அவர் மறைந்தபோது, 4000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை நாட்டின் இயற்கை எழிலைக் காக்கும் தேசிய அறக்கட்டளைக்கு விட்டுச் சென்றார். தம் மலைப் பண்ணைகளில் அவ்வினத்து ஆடுகளே தொடர்ந்து மேய வேண்டுமென்று உயிலிலும் எழுதி வைத்தார்.

தோழமைக்கு ஏங்கிய குழந்தை, வாயில்லா உயிர்களிடம் பெற்ற ஆறுதலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளவில்லை, பிறருக்கும் வழங்கியது. நம் வகுப்பிலும் எவருடனும் பேசாது ஒதுங்கியிருக்கும் தோழி ஒருத்தி இருக்கலாம். அவள் உள்ளத்திலும் சொல்லப்படாத கதை ஒன்று இருக்கும். அவளருகே சென்று அமர்வோமா?