மூளையின் அலையை வரைந்த ஹான்ஸ் பேர்கர்

2007 இல் கடற்படை முள்ளிக்குளத்தை எடுத்தபோது அப்பா வலை பொத்தும் ஊசியையும் கொண்டுதான் வெளியேறினார். பல வருடங்களுக்குப் பிறகு, மலங்காட்டுக் கொட்டிலில் ஊசியைப் பிடித்தபடியே அவர் உறைந்துபோவதைக் கண்டோம். ஒன்று, ஒன்றரை நிமிடம். வாய் எதையோ மெல்லும்; கூப்பிட்டால் பதில் வராது. பிறகு மணிக்கணக்கில் தடுமாற்றம். வயது போய்விட்டது என்றார்கள், ஊரை நினைத்து ஏங்குகிறார் என்றார்கள். நானும் அதைத்தான் நம்பினேன். இடம்பெயர்ந்த முதியவருக்கு என்ன வந்தாலும் ஏக்கம் என்று சொல்லிவிடுவது எங்களுக்குப் பழகிப்போய்விட்டது.

வைத்தியர் ஈ.ஈ.ஜி. எடுக்கச் சொன்னார். அது யாருடைய கண்டுபிடிப்பு என்று தேடப்போய்த்தான் ஹான்ஸ் பேர்கரை அறிந்தேன்.

1873 இல் ஜேர்மனியில் பிறந்தவர். இராணுவப் பயிற்சியின்போது குதிரை மிரண்டு, பீரங்கி வண்டியின் சில்லுக்கு முன்னால் விழுந்து மயிரிழையில் தப்பினார். அன்றே தந்தையிடமிருந்து சுகம் விசாரித்துத் தந்தி வந்தது. தொலைவில் இருந்த சகோதரிக்கு ஏதோ மனம் சரியில்லையாம். எண்ணத்துக்கும் ஒரு சக்தி உண்டோ என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. வானியல் படிக்க இருந்தவர் மனநல வைத்தியரானார். தேடிய சக்தி அகப்படவில்லை, அகப்பட்டது வேறு.

யேனா நகரில் 1924 இல் முதன்முதலாக ஒரு மனிதனின் மூளை மின்னலையைப் பதிந்தார். வோல்ற்றில் பத்தாயிரத்தில் ஒரு பங்கும் இல்லாத துடிப்பு அது. பிழையாக இருக்குமோ என்ற பயத்தில் ஐந்து வருடம் மறைத்து வைத்தார். தன் மகனின் தலையிலும் பலதடவை பரிசோதித்தார். 1929 இல் வெளியிட்டபோது யாரும் பெரிதாக எடுக்கவில்லை. 1934 இல் இங்கிலாந்தில் ஏட்ரியனும் மத்தியூஸும் உறுதிப்படுத்திய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அடுத்த வருடமே பொஸ்ரனில் வலிப்பின் அலைவடிவத்தைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் 1933 இல் நாசி அரசு ஒரு சட்டம் இயற்றியது. பரம்பரை நோயாளர் என்று தீர்மானிக்கப்பட்டவர்களைப் பலவந்தமாகக் கருத்தடை செய்யும் சட்டம். அதன் பட்டியலில் வலிப்பும் இருந்தது. ஏறத்தாழ 4 இலட்சம் பேர் அதற்குப் பலியானார்கள். அந்த வழக்குகளின் மேன்முறையீட்டைக் கேட்ட யேனா நீதிமன்றத்தில் பேர்கரும் அமர்ந்திருந்தார். நாசிகளால் ஒதுக்கப்பட்டவர் என்றே அவரைப் பற்றி நெடுங்காலம் எழுதினார்கள். பின்னர் வெளிவந்த ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை. 1941 இல், கடும் மனச்சோர்வில், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அப்பாவின் முதல் பதிவில் ஒன்றும் தெரியவில்லை. ஈ.ஈ.ஜி. சரியாக இருந்தால் வலிப்பு இல்லை என்று அர்த்தமில்லை என்றார் வைத்தியர். அரை மணி நேரப் பதிவுக்குள் மூளை அமைதியாக இருந்துவிடலாம். வயதானவர்களுக்குக் கைகால் வெட்டி இழுக்காமல், வெறித்த பார்வையாகவே வலிப்பு வருவது சாதாரணம். பாரிசவாதம் விட்டுச்சென்ற வடுதான் பலருக்குக் காரணம். மறதிநோய் என்றே பலர் காலம் கழிக்கிறார்கள். இரவு நித்திரை முழித்துவரச் சொல்லி, தூங்கவைத்து மறுபடி எடுத்தார்கள். இடது பொட்டுப் பக்கத்தில் கூரிய அலைகள் வந்தன. குளிசை தொடங்கிய பிறகு உறைந்துபோவது குறைந்துவிட்டது.

அந்தக் கடதாசியை அப்பா நெடுநேரம் பார்த்தார். இதை எங்கேயாவது பதிய வேண்டுமா, யாரும் வந்து கேட்பார்களா என்று விசாரித்தார். இல்லை, கிளினிக் கொப்பிக்குள் மட்டும்தான் இருக்கும் என்றேன். பிறகு ஊசியைக் கேட்டார்.